சாணம் மெழுகிய மேல்மாடி

எங்கள் வீட்டு மேல்மாடியைத் தாங்கிக்கொண்டிருந்த தீராந்திகளை, அந்தக் குறுக்கு உத்தரங்களை, ஒருநாள் கழற்றினார்கள். மரமென்றால் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் தீராந்திகளைக் கடகப்பெட்டியில் அள்ளிக்கொண்டு போனார்கள். கறுத்து, ஊறி, கையில் எடுத்தால் விரலிடுக்கால் வழிகிற பதத்தில் இருந்தன. உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. பூரான் ஓடியது. கண் திறக்காத எலிக்குஞ்சுகள் கிடந்தன. முற்றத்து மூலையில் கொட்டியதைக் கோழிகள்கூட ஒருதரம் கிளறிப் பார்த்துவிட்டு விலகிப் போயின. இதன் மேலே பிறந்து, தவழ்ந்து, படுத்து, கலியாணம் முடித்துப் புருஷனோடும் வாழ்ந்திருக்கிறேன் என்று நினைக்க எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இப்போது எழுதும்போதும் வருகிறது.

ஆனால் அது என் மூத்த பிள்ளை பிறந்து, துடக்குக் கழிந்த பிறகு நடந்தது. நான் எழுத வந்தது அதற்கு முந்திய மாதங்களைப் பற்றி. அப்போது அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அம்மா, நான், அவர். என் கணவரைப் பெயர் சொல்லி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை, ஆகவே அவர் என்றே எழுதுகிறேன். அப்பா காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. உலக யுத்தம் தொடங்க இன்னும் கொஞ்சக் காலம் இருந்தது. ஆனால் அம்மாவுக்கும் எனக்கும் அது தொடங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எங்களுடையது அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு. மூத்தவளும் ஒருத்தியுமான எனக்கு அது எழுதியாகிவிட்டது. புளியந்தீவில், வாவிக்கரைக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்தது. வெள்ளைக்காரர் வழிவந்த ஒரு பறங்கிக் குடும்பம் கட்டி, இருந்து, கொழும்புக்குக் குடிபோகும்போது விற்ற மெத்தை வீடு. எங்கள் குடியில் வேறு எவருக்கும் மேல்மாடி கிடையாது. அம்மா சந்தைக்குப் போகிற நடையைப் பார்த்தாலே அது தெரியும்.

அந்தப் பறங்கிக் குடும்பம் மேல்மாடிப் பலகைக்கு எண்ணெய் போட்டு, துணியால் தேய்த்து, முகம் பார்க்கலாம் போல வைத்திருந்ததாம். முதிரை மரப் பலகை. வீட்டைக் கையேற்ற அன்று அம்மாவின் கண்ணில் அந்தப் பளபளப்பு படவில்லை. சப்பாத்துக் கால் நடந்த பலகை, நாய் படுத்த பலகை, மாட்டிறைச்சி தின்ற எச்சில் சிந்திய பலகை என்றுதான் பட்டது. அதைச் சுத்தம் செய்யாமல் விளக்கேற்றலாமா? ஒரு வாளி சாணத்தைக் கரைத்துப் படியேறிப் போய், மண் தரையை மெழுகுவது போல மரத்தை மெழுகிவிட்டாள். அன்றைக்கு ஒருதரம் என்றால் போகட்டும். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் மெழுகினாள். செத்த வீட்டுக்குப் போய் வந்தால் மெழுகினாள். கிரகணம் விட்டால், பொங்கல் வந்தால், வருஷம் பிறந்தால், வீட்டுக்கு வந்த யாராவது அம்மாவுக்குப் பிடிக்காத ஆளாக இருந்தால், அதற்கும் மெழுகினாள். தரை என்றால் மெழுகுவது. தரை நிலத்தில் இருந்தாலென்ன, ஆகாயத்தில் இருந்தாலென்ன?

நான் வளர்ந்து ஆளாவதற்குள் மேல்மாடியில் சாணம் ரொட்டிக் கனத்துக்கு ஏறிவிட்டது. பலகைகளின் இடைவெளியெல்லாம் அடைபட்டு, ஒரே மண் தரையாகத் தெரிந்தது. கீழே பலகை இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மிஸ்ஸியின் மாடியில் முதன்முதல் வெறும் பலகையைக் கண்டபோது, பாவம், இவர்களுக்கு மெழுகிக் கொடுக்க ஒரு ஆள் இல்லையே என்று இரங்கினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் இரங்கினாள்.

சாணத் தண்ணீர் எங்கே போகும்? பலகை இடுக்கால் இறங்கித் தீராந்தியின் முதுகில் போய் நிற்கும். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னர் அது காயாது. மேலே சாணம் மூடியிருப்பதால் காற்றும் போகாது. கீழே சாப்பாட்டு அறையில் நின்று அண்ணாந்து பார்த்தால் தீராந்திகள் வரிசையாகத் தெரியும். ஆனால் அவற்றுக்கும் தைப்பொங்கலுக்குப் பொங்கல் அம்மா சுண்ணாம்பு அடிப்பித்துவிடுவாள். ஆகவே வெளிப்பார்வைக்கு வெள்ளை வெளேரென்று, கலியாண வீட்டுக்குப் போகிற ஆட்கள் போல இருந்தன.

கலியாணம் முடிந்த வருஷமே எனக்கு வயிற்றில் தங்கிவிட்டது. மசக்கை தொடங்கியதும் முதலில் எனக்குப் பிடிக்காமல் போனது சோறு அல்ல, வீடு. காலையில் கண் விழித்தால் ஒரு நாற்றம். ஈரச் சாக்கை மூலையில் போட்டு, அதன் மேல் ஒரு செத்த எலியையும் போட்டு, கதவைப் பூட்டிவைத்தால் வருமே, அந்த நாற்றம். படி ஏறினால் கூடும். சாப்பாட்டு அறையில் இருந்தால் உச்சந்தலையிலிருந்து இறங்கும். சந்தனம் பூசிப் பார்த்தேன், சாம்பிராணி போட்டுப் பார்த்தேன். சாம்பிராணியும் நாறியது.

சொன்னால் யார் நம்பினார்கள்? பிள்ளைத்தாய்ச்சிக்கு எல்லாம் நாறும் என்று அம்மா சிரித்தாள். அயல்வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, இப்படி நாற்றம் பிடித்தால் பிறப்பது பெண்தான் என்று ஒரு கணக்குச் சொன்னாள். அவரோ பல காலமாக மூக்குத்தூள் போட்டு மூக்கைச் சாகடித்து வைத்திருந்தவர். உடுப்பில் நெருப்புப் பிடித்தாலும் கண்ணால் பார்த்துத்தான் அறிவார். அவரை நான் சாட்சிக்கு அழைத்து என்ன பயன்?

ஆனால் அவருக்குக் கண் இருந்தது. அரசாங்கக் கச்சேரி வேலைக்குப் போகுமுன் காலையில் சாப்பாட்டு அறையில் இருந்து பிட்டும் மீன் கறியும் சாப்பிடுவார். மேலிருந்து கபிலத் தூள் உதிரும். பிட்டில் தேங்காய்ப்பூவோடு அதுவும் கிடக்கும். ஒருநாள் தேங்காய்ப்பூ நகர்ந்தது. அது வெள்ளைப் புழு. அவர் அதை விரல் நுனியால் எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. புழுவைப் பார்த்தும் சாப்பிடுகிற மனிதரோடு எப்படிக் காலம் தள்ளுவது? வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, வீட்டைக் குறை சொன்னால் நன்றாக இருக்காது என்று அவர் எனக்கு விளங்கப்படுத்தினார்.

மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்களில் இல்லை. அவர் அறைக்குள் வந்தால் அம்மா கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அவருக்கு ஏதும் சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வாள், அல்லது எனக்குச் சொல்வது போலச் சுவருக்குச் சொல்வாள். அவரும் தூணுக்குப் பதில் சொல்வார். ஒரே வீட்டில் இருந்து, ஒரே சட்டியில் ஆக்கிய சோற்றைத் தின்று, அவர் அம்மாவின் முகத்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் சொல் சுமந்து நடந்தவள் நான். அந்த வயிற்றோடும் நடந்தேன்.

எனக்கிருந்த பயம் இதுதான். பிள்ளை மார்கழியில் பிறக்க இருந்தது. மார்கழி மழையில் வாவி ஏறினால் எங்கள் கீழ்வீட்டில் கணுக்காலளவு தண்ணீர் நிற்கும். ஆகவே பிரசவம் மேல்மாடி அறையில்தான் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். என்னைப் பெற்றதும் அதே அறையில்தானாம். கட்டில், நான், மருத்துவிச்சி, அம்மா, அண்டா நிறையக் கொதித்த தண்ணீர், பிறகு பிள்ளை, இத்தனையும் அந்த மேல்மாடித் தட்டின் மேல். அந்தத் தட்டு எதன் மேல்?

அதை அறிந்துவிடுவது என்று ஒருநாள் அம்மா கோயிலுக்குப் போன நேரம் சாப்பாட்டு அறையில் உட்காருகிற வாங்கை இழுத்துப் போட்டு ஏறினேன். நெல்லுச் சாக்குத் தைக்கிற பெரிய ஊசியை எடுத்து, வெள்ளையடித்த ஒரு தீராந்தியில் குத்தினேன். மரத்தில் ஊசி குத்தினால் கை நோக வேண்டும். எனக்கு ஒன்றும் நோகவில்லை. பழுத்த ஈரப்பலாவில் இறங்குவது போல ஊசி முழுக்க இறங்கியது. இழுத்ததும் துளையிலிருந்து கறுப்பாக ஒரு தண்ணீர் என் முழங்கை வரை ஒழுகி வந்தது. அந்த நாற்றத்தை மாதக்கணக்காக நான் தூரத்தில் இருந்து மணந்திருக்கிறேன். இப்போது அது என் கையில் இருந்தது. வாங்கில் நின்றபடியே குமட்டிச் சத்தி எடுத்தேன்.

அம்மா திரும்பி வந்து துளையைக் கண்டாள், ஊசியைக் கண்டாள், என் வயிற்றைக் கண்டாள். தீராந்தியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"புள்ளத்தாச்சி இரிக்கிற வீட்டில துளை போடுறதா? புள்ளைக்கு உதடு பிளந்து போனா என்ன செய்வாய் மனே?"

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் உளி வைக்கக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, கூரை பிரிக்கக்கூடாது. ஊரெல்லாம் அறிந்த விஷயம். வீட்டில் எங்கே வெட்டு விழுகிறதோ, பிள்ளையின் உடம்பில் அங்கே விழும். அம்மா அந்தத் துளையைக் குழைத்த சாணத்தால் அடைத்து, மேலே சுண்ணாம்பு தடவிவிட்டாள். அன்று பின்னேரம் பிள்ளைக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தாள். நான் என் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தோல் சிவக்கக் கழுவினேன்.

அவரை விடவில்லை. அழுது, சண்டை பிடித்து, புழுவை நினைப்பூட்டி, ஒரு ஓடாவியைக் கூட்டிவரச் செய்தேன். எங்கள் நகரத்தில் நல்ல தச்சு வேலைக்காரர் பறங்கியர்தான். வந்தவரும் பறங்கி. மேல்மாடிக்கு ஏறிச் சாணத் தரையைக் கண்டதும் லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். சாணத்தை ஓரிடத்தில் சுரண்டிக் கீழே முதிரை தெரிந்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று ஓடாவியுடைய சப்பாத்தை வெறுத்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்கொருவர் அருவருப்பதில் இருவரும் சமம்.

ஓடாவி கீழே வந்து தீராந்திகளைத் தட்டிப் பார்த்தார். நடுவில் உள்ளவை போய்விட்டன, மாற்றத்தான் வேண்டும் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வயிறு அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. கோப்பையை வைத்துவிட்டுத் தன் சாமான்களைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார். பிள்ளை பிறந்து, நாள் கழியட்டும், அதற்குப் பிறகு ஆள் அனுப்புங்கள், இப்போது உளி தொடமாட்டேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற மனிதர் அவர். தன் சொந்தக்காரர் வீட்டில் அப்படிச் செய்யப்போய் ஒரு பிள்ளை கால் வளைந்து பிறந்ததாம். அம்மாவின் வாயிலிருந்து ஒரு பறங்கியைப் புகழ்ந்த வார்த்தை வந்தது அன்றைக்கு மட்டும்தான். ஓடாவி வாசல் படலையைத் தாண்டியதும் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போய், அவருடைய சப்பாத்துப் பட்ட இடமெல்லாம் மெழுகினாள்.

உளி வேண்டாம், கீழே முட்டுக் கால்களாவது கொடுப்போம் என்று அவர் தூணுக்குச் சொல்லிப் பார்த்தார். கால் நாட்டுவதும் வீட்டு வேலைதான் என்று சுவருக்குச் சொன்னாள் அம்மா. சரி, நான் செங்கலடியில் அவருடைய தாய் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெறுகிறேன் என்றேன். இதைக் கேட்டதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். பெற்றவள் உயிரோடு இருக்கும்போது, எழுதிக் கொடுத்த வீடு இருக்கும்போது, மகள் மாமியார் வீட்டில் போய்ப் பிள்ளை பெற்றால் நாலு பேர் என்ன கேட்பார்கள்? அவருக்கும் அது பிடிக்கவில்லை. பெண் வீட்டுக்குப் போன மகன் வயிற்றுப்பிள்ளைக்காரியோடு திரும்பி வந்தால் துரத்திவிட்டார்கள் என்றுதான் அங்கே சனம் பேசுமாம். ஆகவே எல்லாருடைய மானமும் காப்பாற்றப்பட்டது. நான் மட்டும் அந்தத் தட்டின் மேல் இருந்தேன்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவர் சாப்பாட்டு அறையில் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் குசினியில் அடுப்பருகே நின்றேன். மேலே அம்மா மெழுகுகிற சத்தம், கை வீச்சுக்குக் கை வீச்சு, கேட்டுக்கொண்டிருந்தது. ஈரத்துணி கிழிவது போல ஒரு சத்தம் வந்தது. பெரிதாக ஒன்றும் முறியவில்லை. அந்த மரத்தில் முறிய என்ன இருந்தது? ஒரு பலகை சரிந்து இறங்கியது, பின்னால் ஒரு வாளி சாணத் தண்ணீர் அவர் தலையில் கொட்டியது, அதன் பின்னால் அம்மாவின் இரண்டு கால்களும் மேலிருந்து வந்தன.

நான் ஓடிப் போனபோது அவர் தலையிலிருந்து சாணம் ஒழுக, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியபடி நின்றார். மாமியின் முகத்தையே பாராத மனிதருக்கு முன்னால் மாமியின் கால்கள் முழங்காலுக்கு மேலே வரை தொங்கின. அம்மா மேலிருந்து, அவரைப் போகச் சொல், தொடச் சொல்லாதே என்று கத்தினாள். அவர் கண் திறக்காமலே மேசையைத் தடவித் தள்ளிக்கொண்டு வந்து அந்தக் கால்களுக்குக் கீழே விட்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. சிரிப்பு வர வேண்டிய காட்சி. பிட்டிலும் மீன் கறியிலும் சாணமும் புழுவும் உக்கல் மரமும் கலந்து கிடந்ததைப் பார்த்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மேலே போய், அம்மாவைத் தோளுக்கடியில் கமக்கட்டில் பிடித்து இழுத்தெடுத்தேன்.

பலகை வழுகிவிட்டது என்றாள் அம்மா. தீராந்தி உக்கிவிட்டது என்றேன் நான். பலகைதான் என்றாள். காலில் என்ன என்று கேட்டேன். கீறல் என்றாள், சீலையை இழுத்து மூடினாள். அவர் குளித்துவிட்டுக் கச்சேரிக்குப் போனதும் அந்தப் பலகையைத் தூக்கி வைத்து, ஓட்டையில் சாக்குத் துண்டை அடைத்து, மேலே சாணம் பூசிவிட்டாள். விழுந்த கதை வெளியே போகக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். இனி நீ கீழே படு, நான் மேலே படுக்கிறேன், பிள்ளை பிறக்கிற நாள் வரைக்கும் நீ படி ஏறத் தேவையில்லை என்றும் சொன்னாள்.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா தோற்றதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் மேலே போய் முறுக்கிக்கொண்டு கிடக்கிறாள் என்று நினைத்தேன். நாங்கள் எழும்புமுன் கிணற்றடிக்குப் போய் வந்துவிடுவாள். சோற்றைப் படியில் வைக்கச் சொல்வாள். வெறுங்கோப்பை படிக்குத் திரும்பி வரும். அம்மாவுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், ஆகவே நானும் வீம்புக்குப் பேசாமல் இருந்தேன்.

இந்த நாட்களில் நாற்றம் மாறியது. பழைய நாற்றம் ஈரம். புதிதாக வந்ததில் ஒரு இனிப்பு இருந்தது. அழுகின மாம்பழத்தோடு கவிச்சி சேர்ந்த மாதிரி. அதை உணர்ந்தவுடன் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவேன். பலகைக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் மூக்குத்தூளைக் கிள்ளிக்கொண்டு, மசக்கை இன்னும் விடவில்லையா என்று கேட்டார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. சாப்பாட்டு மேசைக்கு மேலே இந்தமுறை நான் ஒரு சாக்கை விரித்துக் கட்டியிருந்தேன், சாணத் தண்ணீர் சோற்றில் விழாமல். சாக்கு நனையவில்லை. மேலேயிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. மெழுகுகிற சத்தமும் இல்லை. எனக்கு நினைவு தெரிந்து வெள்ளிக்கிழமை அம்மா மெழுகாமல் விட்டதில்லை. அப்பா செத்த கிழமையிலும் மெழுகியவள் அவள். அந்தக் காய்ந்த சாக்கை ஒருதரம் தொட்டுப் பார்த்தேன். வீம்பையும் தட்டையும் மறந்து படியேறினேன்.

அம்மா பாயில் கிடந்தாள். உடம்பு நெருப்பாகக் காய்ந்தது. நாற்றம் அவளிலிருந்து வந்தது. சீலையை விலக்கப் போனேன், விடவில்லை. கையைப் பிடித்து அமத்திவிட்டு விலக்கினேன். தொடையில், பலகையின் ஆணி கிழித்த இடம், ஒரு சாணுக்கு வாய் திறந்து கிடந்தது. மஞ்சள் அரைத்துப் பூசி, அதற்கு மேலே, வேறென்ன, சாணத்தை அப்பிக் கட்டியிருந்தாள். சுற்றி நீலமாகக் கன்றியிருந்தது. சீழில் துணி ஊறியிருந்தது. துணியை உரித்ததும் உள்ளே வெள்ளையாக அசைந்தது. தீராந்தியிலிருந்து பிட்டில் விழுந்த அதே புழுதான் என்று என் கண்ணுக்குத் தோன்றியது. இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த வீடு என் தாய்க்குள் இறங்கிவிட்டதாகவே பட்டது. அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவளைக் கட்டிப் பிடிக்கவும் கூசியது. அந்த இரண்டையும் நான் மறைக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"காயம் தெரிஞ்சா மருமகன் வேற ஓடாவியக் கூட்டி வந்திருவார். புள்ள பொறக்கட்டும் மனே. அதுக்கு முந்தி உளி வைக்க விடமாட்டன்."

பலகைதானே வழுகியது, பலகைக்கு உளி எதற்கு என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த நிலையிலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தண்ணீரும் துணியும் எடுத்து வந்து, அந்தச் சாணத்தையும் அதற்குள் இருந்ததையும் என் விரலால் வழித்தெடுத்தேன். மாதக்கணக்காகச் சோற்றைக் கண்டாலே சத்தி எடுத்த எனக்கு அன்று சத்தி வரவில்லை. 

பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பல வாரம் வைத்திருந்தார்கள். கால் தப்பியது, பழைய நடை தப்பவில்லை. பிள்ளையும் அதே ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது, ஆண் பிள்ளை, உதடும் காலும் ஒழுங்காக. ஆனால் எனக்கு அடிக்கடி நினைவு வருவது இவை ஒன்றும் அல்ல. அம்மாவை அந்தத் தட்டிலிருந்து இறக்கியதுதான்.

நான் படித்தலையில் நின்று அவரைக் கூப்பிட்டேன். மாட்டுக் கரத்தை பிடித்து வந்து வாசலில் நிறுத்திவிட்டு, அவர் படி அடியில் தயங்கி நின்றார். மேலே அம்மா இருக்கிறாளே, எப்படி வருவது? பிள்ளைத்தாய்ச்சி நான் தூக்கவா என்று கேட்டேன். வந்தார். அவர் நிழலைக் கண்டதும் அம்மா முந்தானையை இழுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் குனிந்து இரண்டு கைகளிலும் அம்மாவைத் தூக்கினார். அந்த நாற்றம் அவருடைய மூக்கிலும் ஏறியிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் முகம் கோணியது. ஆனால் பிடியைத் தளர்த்தவில்லை.

அறை வாசலைத் தாண்டி, நேரே படியைப் பார்த்து, நடுத் தரையில் காலை எடுத்து வைக்கப் போனார். அப்போது முந்தானைக்குள்ளிருந்து அம்மா பேசினாள். எனக்கு அல்ல, சுவருக்கும் அல்ல. கலியாணம் நடந்த நாளிலிருந்து அவருக்கு நேரே சொன்ன முதல் பேச்சு அது.

"தம்பி, அதால போகாதீங்க. சன்னல் பக்கத்தால வாங்க. நடுவில தீராந்தி எல்லாம் உக்கிப்போய்க் கிடக்கு."

அவர் தூக்கிய காலைப் பின்னால் வைத்தார். அம்மா முகத்தை மூடியபடியே, எந்த இடத்தில் கால் வைக்கலாம், எந்த இடத்தில் வைக்கக்கூடாது என்று, ஒன்றும் தவறாமல், படி வரைக்கும் சொல்லிக்கொண்டு போனாள்.